மலையைத் திறந்த சின்னப் பல்சக்கரம்

பிரான்ஸில் சைக்கிள் மிதிக்கப் போகிறவர்களில் பாதிப் பேருக்குக் கலிபியே கணவாய்தான் கனவு. 2642 மீட்டர் உயரம், சாலையோரத்தில் ஜூன் மாதத்திலும் கரையாத பனி, உச்சிக்குச் சற்றுக் கீழே டூர் டி பிரான்ஸைத் தொடங்கிய ஹென்றி டெக்ரான்ஜுக்குப் பெரிய நினைவுத்தூண். அதன் கம்பீரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் என் குலதெய்வம் இருப்பது 1161 மீட்டரே உயரமுள்ள ரிபப்ளிக் கணவாயில். செயின்ட் எத்தியேன் நகரத்தை விட்டு வெளியேறியதும் ஃபிர் மரக்காட்டுக்குள் ஏறும் சாதாரணமான சாலை அது. லாரிகள் போகும். படம் எடுத்து ஊருக்கு அனுப்ப அங்கே பெரிதாக ஒன்றும் கிடையாது. மேலே இருப்பது வெலோசியோவின் நினைவுச்சின்னம். அவர் உயிரோடு இருந்தபோதே, 1922-இல், அன்பர்கள் அவர் பெயரால் ஒரு நாள் குறித்து அந்த ஏற்றத்தைக் கூட்டமாக ஏறத் தொடங்கிவிட்டார்கள்.

வெலோசியோ என்பது புனைபெயர். இயற்பெயர் போல் த விவி; 1853-இல் தெற்கே பெர்ன் என்ற சிற்றூரில் பிறந்தவர். பட்டு வியாபாரம் செய்துகொண்டிருந்தவர் அதை விட்டுவிட்டு சைக்கிள் வியாபாரத்துக்கும் சைக்கிள் பத்திரிகைக்கும் வந்தார். இறைச்சி தொடமாட்டார். எஸ்பராண்டோ பேசுவார். இவையெல்லாம் அவரைப் பற்றி எல்லோரும் சொல்வதுதான். எனக்கு அவர் பெரியவராகத் தெரிவது ஒரே ஒரு காரியத்தால்: ஏற்றத்துக்கு ஒரு பல்சக்கரம், சமதளத்துக்கு இன்னொன்று என்று அவர் பிடித்த பிடிவாதம்.

அவருடைய ஆரம்பகால ஏற்பாட்டை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். முன்பக்கம் ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு பல்சக்கரங்கள், ஒரே செயின். மாற்றிவிட லீவரும் கிடையாது, கம்பியும் கிடையாது. மலையடிவாரம் வந்ததும் இறங்கி, கையாலேயே செயினைத் தூக்கிப் பெரியதிலிருந்து சின்னதில் போட வேண்டும். உச்சியில் மறுபடி இறங்கிச் சின்னதிலிருந்து பெரியதற்கு மாற்ற வேண்டும். விரலெல்லாம் கருப்பு மசி. இத்தனை தொல்லையையும் அவர் பட்டது, அறுபது வயதுக்காரரும் மலை ஏற முடியும் என்று காட்டுவதற்காக. ஏறுகிறவர் களைத்து விழாமல் ஏற வேண்டும், மேலே போனதும் பசித்துச் சாப்பிட வேண்டும், ராத்திரி தூங்க வேண்டும். அவர் வகுத்த ஏழு விதிகளின் சாரமும் ஏறக்குறைய இதுதான். அவற்றில் கடைசி விதி, பிறர் மெச்ச வேண்டும் என்பதற்காக ஒருபோதும் மிதிக்காதே என்பது.

டெக்ரான்ஜுக்கு இது ஆகவில்லை. கியர் மாற்றுவது கிழவர்களுக்கான சலுகை என்பது அவர் கட்சி. அதனால் டூர் வீரர்கள் பல வருஷங்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டு ஏறினார்கள். கியர் மாற்றிக்கு அங்கே அனுமதி கிடைத்தது 1937-இல்தான். வெலோசியோ 1930-இலேயே இறந்துவிட்டார். ஊர் ஊராகத் திரிந்த சாதாரண ஆட்கள் பந்தய வீரர்களுக்கு முன்னாலேயே நல்ல சைக்கிள் வைத்திருந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ஒற்றைக் கியரே போதும், அதில்தான் ஆளின் பலம் தெரியும் என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுடைய தொடைகளுக்கு என் மரியாதை. ஆனால் நாடு பார்க்கப் போகிறவனுக்குத் தொடையைவிட மூச்சு முக்கியம். ஆர்தேஷ் பக்கம் பள்ளத்தாக்கின் அடியிலிருந்து ஜெர்பியே த ஜோங் நோக்கி ஏறுங்கள், நான் சொல்வது புரியும். கீழே செஸ்நட் மரங்கள், கல் அடுக்கிக் கட்டிய படிவயல்கள். அவற்றின் கரைச்சுவர்கள் பல இடங்களில் வயிறு தள்ளி நிற்கின்றன; சில சரிந்தே போய்விட்டன. உடைந்த இடத்தில் பார்த்தால், வெளியே பெரிய கல்லும் உள்ளே பொடிக்கல்லுமாக, தண்ணீர் வடிய வழி விட்டுக் கட்டியிருப்பது தெரியும். இன்னும் ஏறினால் செஸ்நட் நின்றுபோய் மஞ்சள் பூப்புதர் வரும். அதற்கும் மேலே புல்வெளியும் காற்றும்தான். வீட்டுக்கூரைகளில் ஓடு மறைந்து கனத்த கற்பலகை வந்துவிடும். இந்த மாற்றமெல்லாம் ஒரு காலைப்பொழுதுக்குள், உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் நடக்கிறது. மணிக்கு ஏழு எட்டு கிலோமீட்டரில், சீட்டை விட்டு எழாமல் சின்னப் பல்லில் சுற்றிக்கொண்டு போகிறவனுக்கு அத்தனையும் கண்ணில் படும். எழும்பி நின்று மிதிக்கிறவனுக்குத் தெரிவது அவனுடைய முன்சக்கரம் மட்டுமே. வேலியோரம் நிற்கும் கிழவி வணக்கம் சொன்னால் பதில் சொல்ல அவனுக்கு மூச்சு இருக்காது. நமக்கு இருக்கும், இரண்டு வார்த்தை கூடவும் பேசலாம். எந்த ஊற்றில் தண்ணீர் நன்றாக இருக்கும் என்று அவர் சொல்வார்.

பேட்டரி சைக்கிளைப் பற்றி எனக்குக் கோபமில்லை. முழங்கால் தேய்ந்தவர்களை அது மலைக்குக் கூட்டிப் போகிறது. வெலோசியோ இருந்திருந்தால் முதல் ஆளாக வாங்கிப் பார்த்திருப்பார் என்றே நினைக்கிறேன். ஆனால் அதில் ஏறும்போது மண்ணின் சரிவு காலுக்குத் தெரியாது. சாலை எந்த இடத்தில் மலையோடு சண்டை போடுகிறது, எந்த இடத்தில் சமாதானமாகிறது என்பதை நான் தொடைவழியாகத்தான் படித்திருக்கிறேன்.

என் வருத்தம் சைக்கிள் விற்கிறவர்கள் மேல்தான். ரெனே எர்ஸ், அலெக்ஸ் சிங்கர் போன்ற பாரிஸ் பக்கத்துக் கைவினைஞர்கள், மட்கார்டும் கேரியரும் விளக்கும் பிரேமோடு பிறந்தவை போல இழைத்துக் கட்டிக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. முன்னால் இரண்டு மூன்று பல்சக்கரங்கள் இருக்கும், சின்னது உண்மையிலேயே சின்னதாக இருக்கும். இன்று பளபளக்கும் கடையில் போய்க் கேட்டால், முன்னால் 50 பல், 34 பல் என்று பந்தயக்காரனுக்குக் கொடுப்பதையே நமக்கும் நீட்டுகிறார்கள். போன வருஷம் பெரிய கடை ஒன்றில் 26 பல் சக்கரம் கேட்டேன். அங்கிருந்த இளைஞன், கொஞ்சம் பயிற்சி எடுத்தால் அது தேவைப்படாது சார் என்றான். நல்ல பையன்தான், அக்கறையாகவே சொன்னான். அந்த ஊரிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் பத்து சதவீத ஏற்றம் இருக்கிறது என்பதை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பால் கேனும் குழந்தையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டியவர்களுக்கும் அவன் இதையேதான் சொல்லியிருப்பான்.

இன்னொரு குறையும் உண்டு. மாவட்டத்துக்கு ஆறு ஊர் என்று குறித்துக்கொடுத்து, அங்கங்கே அட்டையில் முத்திரை வாங்கிவரச் சொல்லும் பழைய வழக்கம் ஒன்று பிரான்ஸில் நடக்கிறது. நேரக் கணக்கே கிடையாது. ஆயுள் முழுக்க எடுத்துக்கொள்ளலாம். நாடு சுற்ற இதைவிட நல்ல சாக்கு எனக்குத் தெரியாது. ஆனால் முத்திரை போட்டுக் கொடுக்கும் காபிக் கடையும் ரொட்டிக் கடையும் சின்ன ஊர்களில் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வருகின்றன. ஊர்ப்பலகைக்கு முன்னால் சைக்கிளைச் சாய்த்துப் படம் எடுத்தாலும் போதும் என்கிறார்கள். போதும்தான். ஆனால் முத்திரைக்காக உள்ளே போனால் ஒரு காபி சொல்லுவோம், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பார்கள், மேசையில் இருக்கும் மூன்று பேரும் அடுத்த கணவாய்க்கு எது நல்ல வழி என்று தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்வார்கள். பலகை எதுவும் கேட்பதில்லை. எனவே திறந்திருக்கும் கடை ஏதாவது கண்ணில் பட்டால், முத்திரை வேண்டாவிட்டாலும் நிறுத்தி, உள்ளே போய் ஏதாவது வாங்குங்கள்.