பேசத் தெரிந்த சங்கீதம்

பழைய சங்கீதத்தைப் பழைய வாத்தியங்களில்தான் வாசிக்க வேண்டும் என்று பிடிவாதம் செய்கிறவர்களிடம் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சங்கீதத்தில் உள்ள பிரியத்தைவிடப் பழமையில் உள்ள பிரியம்தான் அவர்களுக்கு அதிகமோ என்பதே அது. பொருட்காட்சிசாலையின் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு வயோலாவை எடுத்துத் தூசி தட்டி வாசித்துவிட்டால் கலைக்கு உயிர் வந்துவிடுமா? ஆஸ்திரியாவின் நிகோலவுஸ் ஹார்னன்கூரையும் இந்தக் கூட்டத்தில் ஒருவராகவே பலர் கணக்கில் வைத்திருக்கிறார்கள். அது சரியல்ல.

அவர் 1929இல் பெர்லினில் பிறந்தார். க்ராட்ஸ் நகரில் வளர்ந்தார். 1952இல், கராயனின் ஆதிக்கத்தில் இருந்த வியன்னா ஸிம்பொனி வாத்தியக் குழுவில் செல்லோ வாசிக்கச் சேர்ந்தார். பதினேழு வருஷம் அங்கே சம்பளத்துக்கு வாசித்தார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பதினேழு வருஷத்தை இரண்டு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கோ முக்கியமாகப் படுவது அதுதான். பெரிய பெரிய நடத்துநர்களின் கையசைவுக்குக் கட்டுப்பட்டு, பாக்கையும் மொஸார்ட்டையும் அதே வழவழப்போடு, அதே இனிப்போடு திரும்பத் திரும்ப வாசித்தவர் அவர். மொஸார்ட்டின் ஜி மைனர் ஸிம்பொனி பயங்கரமான ஒரு சிருஷ்டி. அதைக் கேட்டு ஜனங்கள் சுகமாகத் தலையாட்டுவதை மேடையில் உட்கார்ந்துகொண்டு பார்க்க அவருக்குச் சகிக்கவில்லை. 1969இல் வேலையை விட்டதற்கு அதையே காரணமாகச் சொன்னார். பழமை மோகம் அல்ல அவரைக் கிளப்பியது. அழகின் மீது வந்த அலுப்பு.

இதற்கு முன்பே, 1953இல், வயலின் வாசிக்கும் மனைவி ஆலீஸையும் சில நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு கன்சென்டுஸ் மூசிகுஸ் என்ற குழுவை ஆரம்பித்திருந்தார். குடல்நரம்பு பூட்டிய வயலின், வால்வு இல்லாத எக்காளம், மரப் புல்லாங்குழல் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, உத்தியோகம் போக மிச்சமான நேரத்தில் வீட்டிலேயே பழகினார்கள். பொதுமேடை ஏறியது 1957இல்தான். நாலு வருஷம்! இன்று ஒரு குழு நாலு வாரம் பொறுக்குமா?

அந்த வாத்தியங்களில் அவர் தேடியது பேச்சை. 1800ஐ ஒட்டிய காலம்வரை ஐரோப்பிய சங்கீதம் பேசியது, அதற்குப் பிறகு அது சித்திரம் தீட்ட ஆரம்பித்தது என்பது அவர் கட்சி. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் 1795இல் பாரிஸில் ஏற்பட்ட சங்கீதக் கலாசாலை, எல்லோருக்கும் ஒரே பாடமுறையை வைத்தது. சங்கீதம் புரிந்துகொள்ள வேண்டிய பாஷையாக இருந்தது போய், உணர்ச்சியில் ஆளை முழுக்காட்டும் வெள்ளமாகிவிட்டது என்று வாதிப்பார். வாதம் கொஞ்சம் மிகை. ஆனால் வசனம் எழுதுகிறவனுக்கு அதன் நியாயம் சட்டென்று புரியும். எல்லா வார்த்தையையும் ஒரே அழுத்தத்தில் படித்தால் அது வாசகமே அல்ல. குடல்நரம்பில் வில்லை இழுத்தால் ஸ்வரம் பிறந்ததும் தேய ஆரம்பிக்கிறது. அடுத்த ஸ்வரத்துக்கு இடம் விடுகிறது. பலத்த எழுத்து எது, மெலிந்த எழுத்து எது என்று காதுக்குத் தெரிகிறது.

பாக்கின் இருநூறு சொச்சம் கந்தாதாக்களை ஹாலந்துக்காரர் லெயோன்ஹார்ட்டும் அவரும் பங்கு போட்டுக்கொண்டு இசைத்தட்டில் பதிந்தார்கள். 1971இல் வெளிவர ஆரம்பித்தவை முடிய ஏறக்குறைய இருபது வருஷம் ஆயிற்று. தட்டோடு ஸ்வரப் பிரதியையும் சேர்த்தே விற்றார்கள். இஷ்டமிருந்தால் சரிபார்த்துக்கொள் என்கிற தைரியம் எனக்குப் பிடிக்கிறது. குறைகள் இல்லாமல் இல்லை. பெண்குரல் பாட வேண்டிய கடினமான பாட்டுக்களைச் சிறுவர்களிடம் கொடுத்தார்கள். பாக் காலத்து வழக்கம் அதுதான், வாஸ்தவம். ஆனால் பாவம், சில பையன்கள் மூச்சு வாங்கித் திணறுகிறார்கள். முதல் தட்டுக்களில் எக்காளம் பிசிறடிக்கிறது. சில இடங்களில் அழுத்தம் முழங்கையால் இடிப்பதுபோல விழுகிறது. இருந்தும், அதற்கு முன் வந்த ஒழுங்கான பதிவுகளைக் கேட்டால், யாரோ உறக்கத்தில் பிரசங்கம் படிப்பதுபோல் இருக்கிறது.

பழமைவாதியாக இருந்திருந்தால் அங்கேயே நின்றிருப்பார். 1975இல் ஸூரிச்சில் பொனெல்லோடு சேர்ந்து மான்டவெர்டியின் நாடகங்களை மேடையேற்றத் தொடங்கினார். அதே வருஷம் ஆம்ஸ்டர்டாமின் கன்ஸர்ட்கபோ குழுவோடு, நவீன வாத்தியங்களையே வைத்துக்கொண்டு, உறவு ஏற்பட்டது. 1990-91இல் ஐரோப்பியச் சேம்பர் குழுவோடு பேத்தோவனின் ஒன்பது ஸிம்பொனிகளையும் பதிந்தபோது எக்காளங்கள் மட்டும் பழையவை, மற்றவை புதியவை. பிறகு ப்ருக்னர், வெர்டி, பார்ட்டோக். 2009இல் க்ராட்ஸில் கெர்ஷ்வினின் நாடகத்தைக்கூட நடத்தினார். சிஷ்யர்களில் சிலருக்கு இது துரோகமாகப் பட்டிருக்கலாம். எனக்கு இதுவே அவருடைய நேர்மைக்கு அத்தாட்சி. அந்தக் காலத்தில் ஒலித்ததை அப்படியே மீட்டுவிட முடியும் என்று அவர் ஒருநாளும் சொல்லிக்கொள்ளவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அவர் கலகம் செய்து பெற்ற அழுத்தமும் இடைவெளியும் ஐரோப்பாவெங்கும் பாடத்திட்டமாகிவிட்டன. இருபத்தைந்து வயது வாலிபர்கள் அதைச் சிரமமில்லாமல், வழவழப்பாகவே வாசிக்கிறார்கள்.

2015 டிசம்பரில், எண்பத்தாறாவது பிறந்தநாளுக்கு முதல் நாள், உடம்பில் தெம்பில்லை என்று ரசிகர்களுக்குக் கைப்பட எழுதிவிட்டு ஓய்வு பெற்றார். 2016 மார்ச்சில் காலமானார். அதற்கு முந்திய வருஷம் தம் குழுவைக் கொண்டு பேத்தோவனின் ஐந்தாவது ஸிம்பொனியைப் பதிந்திருந்தார். அதன் கடைசி ஸ்வரக் கட்டுக்களை மற்றவர்கள் தடதடவென்று அடித்து முடிப்பார்கள். அவர் ஒவ்வொன்றுக்கும் நடுவே நிறுத்துகிறார். முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது இன்னொன்று விழுகிறது. கிழவருக்குக் கிறுக்கு என்று சொல்பவர்கள் சொல்லட்டும். நான் அதை மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அந்த இடைவெளியில் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.