ஏரி எதையும் மறைக்காது

கயாக் என்றதும், நுரை கக்கும் ஆற்றில் பாறைகளுக்கிடையே கவிழ்ந்து நிமிரும் வீரர்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார்கள். அது சாகசம், மெய்சிலிர்க்கப் பார்க்கலாம். ஆனால் துடுப்புப் போடுபவரின் கைநேர்த்தி தெரிய வேண்டுமானால் சலனமில்லாத ஏரியில்தான் அவரைப் பார்க்க வேண்டும். ஆற்றின் இரைச்சலில் எத்தனையோ பிழைகள் அடிபட்டுப் போகும். ஏரி எதையும் மறைக்காது.

ஸ்லொவேனியாவின் ஜூலியன் ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே உள்ள போஹின் ஏரி இதற்கு வாகான இடம். பனியாறு குடைந்த பள்ளத்தில், 526 மீட்டர் உயரத்தில், நான்கு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக நீண்டு கிடக்கிறது. இங்கே சுற்றுலாப் படகுகூட மின்சாரத்தில்தான் ஓடுகிறது. எஞ்சின் உறுமல் கிடையாது. காலையிலேயே இறங்கிவிட வேண்டும். வெயில் ஏறி மலைச்சரிவுகள் சூடானதும் பள்ளத்தாக்குக் காற்று கிளம்பி, நீரைக் கலைத்துவிடும்.

தேர்ந்தவர் துடுப்புப் போடுவதைக் கவனியுங்கள். பாதத்துக்கு நேராகத் துடுப்பின் அலகு நீரில் இறங்குகிறது; தெறிப்பில்லை. அலகு முழுவதும் மூழ்கிய பிறகுதான் இழுப்பு தொடங்குகிறது. அம்மியில் அரைக்கப் பழகியவர்களைப் போல, கையை மட்டும் நம்பாமல் இடுப்பிலிருந்து உடம்பே திரும்புகிறது. இடுப்பருகே வந்ததும் அலகு பக்கவாட்டில் வெளியேறிவிடுகிறது. அதற்கும் பின்னால் இழுத்தால் படகு முன்னே போகாது. தண்ணீரைத் தூக்குவதும் மூக்கைத் திருப்புவதுமாக உழைப்பு வீணாகும். பிடியும் தளர்வாகவே இருக்கிறது. இறுக்கிப் பிடிப்பவருக்கு அரை மணியில் முன்கை கடுக்கும்.

கயாக்கின் வடிவமே இந்த ஓசையின்மைக்காகப் பிறந்தது. ஆர்க்டிக் கடற்கரையில் வாழும் இன்யூட் மக்கள், கரையொதுங்கிய மரத்தாலும் எலும்பாலும் சட்டம் கட்டி, அதன்மேல் சீல் தோலை இழுத்துத் தைத்தார்கள். வேட்டைக்காரரின் உடலளவுக்கே படகு அமைந்தது. சீலும் திமிங்கலமும் மிரளாமல் நெருங்க வேண்டுமே! இன்றைய பிளாஸ்டிக் கயாக்கிலும் உடம்பு படகோடு ஒட்டித்தான் இருக்கிறது. இடுப்பைச் சற்றுச் சாய்த்தால் அதுவும் வளைந்து திரும்புகிறது.

மாலையில் அருகிலுள்ள ப்ளெட் ஏரிக்குப் போனால் ஒப்பிட்டு ரசிக்கலாம். உலகத் துடுப்புப்படகுப் போட்டிகள் 1966, 1979, 1989, 2011 ஆண்டுகளில் நடந்த ஏரி அது. பந்தயப் படகோட்டி, போகும் திசைக்கு முதுகைக் காட்டியபடி இழுக்கிறார். ஏரியிலுள்ள தீவின் தேவாலயத்துக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ப்ளெட்னா படகின் ஓட்டுநர், பின்முனையில் நின்றுகொண்டு இரு துடுப்புகளைத் தள்ளுகிறார். முன்னவரிடம் வேகம், பின்னவரிடம் கம்பீரம். கயாக்காரர் மட்டும் நீர்மட்டத்தில் அமர்ந்து, தான் போகும் இடத்தைப் பார்த்துக்கொண்டே போகிறார். பொழுதை ஆற அமரக் கழிக்க இதைவிடப் பொருத்தமான படகு இல்லை என்பேன்.

முதன்முறை ஏறுபவர்கள் உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு, கரையோரமாகவே, வேகத்தை மறந்து, சத்தம் வராமல் பத்துத் துடுப்புப் போட்டுப் பாருங்கள். பத்தும் ஓசையின்றி அமைந்துவிட்டால் பாதி வித்தை கைவந்துவிட்டது.