தமிழ்ப் படம் 2: பகடி எங்கே தளர்ந்தது?

சி. எஸ். அமுதன் இயக்கத்தில் 2018 சூலையில் வெளியான தமிழ்ப் படம் 2, 2010இல் வந்த 'தமிழ்ப் படம்' என்ற பகடித் திரைப்படத்தின் தொடர்ச்சி. இரண்டிலும் நாயகன் சிவா.

முதற்படம் தமிழ்த் திரையின் வழக்கங்களையே கேலி செய்தது. ஒரே பாட்டில் நாயகன் பணக்காரன் ஆகிறான். மனோபாலா, வெண்ணிற ஆடை மூர்த்தி, எம். எஸ். பாஸ்கர் ஆகிய மூத்தவர்கள் கல்லூரி மாணவர்களாக வருகின்றனர். 'ஓ மகசீயா' பாடல் பொருளற்ற சொற்களாலேயே ஆனது. மூலப்படம் எதுவெனத் தெரியாதவரும் சிரிக்கலாம்.

இரண்டாம் படம் குறிப்பிட்ட காட்சிகளையும் தோற்றங்களையும் நகலெடுக்கிறது. வில்லனாக வரும் சதீஷ் பல படங்களின் வேடங்களில் மாறிமாறித் தோன்றுகிறார். அப்போது வெளிவராத '2.0' படத்தின் பறவை மனிதன் தோற்றத்தைக்கூட விளம்பரத்தில் போலச் செய்தனர். கேலி செய்யப் படமே தேவைப்படவில்லை, சுவரொட்டி போதும் என்றாயிற்று. மூலத்தை அடையாளம் காண்பவர் சிரிப்பார்; மற்றவருக்கு அது வெறும் வேடம்.

சலனமற்ற முகத்துடன் சிவா பேசும் இடங்கள் இதிலும் சிரிக்க வைக்கின்றன. ஆயினும், பகடி ஒருவகைத் திறனாய்வு. நாம் கேள்வியின்றி ஏற்றவற்றை முதற்படம் கேள்வி கேட்டது. இரண்டாவது நம் நினைவாற்றலை மட்டுமே சோதிக்கிறது.