ஏழு கட்டத்தில் அடங்காத வீடு

அடையாறில் ஒரு கிளினிக். மூன்றாவது சந்திப்பின் முடிவில் ஆலோசகர் என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். அதில் ஏழு கட்டங்கள். என்ன நடந்தது, என்ன உணர்ந்தேன், அப்போது மனதில் ஓடிய எண்ணம் என்ன, அந்த எண்ணத்துக்கு ஆதாரம் என்ன, எதிரான ஆதாரம் என்ன, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் நிதானமான எண்ணம் என்ன, இப்போது மனம் எவ்வளவு தேறியிருக்கிறது. "ஒரு வாரம் எழுதிட்டு வாங்க மேடம், தமிழ்லயே எழுதலாம்" என்றார்.

அப்போது எனக்கு 44 வயது. மயிலாப்பூரில் முண்டகக்கண்ணியம்மன் கோயில் பக்கம் வீடு. பக்கவாதத்தில் விழுந்த மாமியாரை இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்காகவே வேலையை விட்டிருந்தேன். காலையில் கண் விழித்ததும் அழுகை வரும். பிறகு அழுகையும் நின்று, எதுவுமே வராமல் போனது. அந்தக் கட்டத்தில்தான் கிளினிக்குக்குப் போனேன்.

தாளில் முதல் நாள் இப்படி எழுதினேன்: "காலை 5 மணி. தண்ணி லாரி வந்தது. குடம் தூக்கும்போது தலை சுற்றியது. எண்ணம்: நான் படுத்துவிட்டால் இந்த வீடு நின்றுபோகும்." அடுத்த சந்திப்பில் ஆலோசகர் அந்த வரிக்கு ஒரு பெயர் சொன்னார். பூதாகாரப்படுத்துதல். சிந்தனைத் திரிபுகளில் ஒன்று. அதற்கு எதிராக என்ன ஆதாரம் இருக்கிறது என்று யோசிக்கச் சொன்னார்.

யோசித்தேன். முந்தின மாதம் எனக்கு மூன்று நாள் காய்ச்சல். முதல் நாள் பகல் 12 மணி வரை அத்தையின் டயாப்பர் மாற்றப்படவில்லை. கணவர் மெஸ்ஸிலிருந்து இட்லி வாங்கிவந்து வைத்துவிட்டு, "அம்மாவுக்கு யாரு ஊட்டுறது?" என்று படுத்திருந்த என்னைக் கேட்டார். மறுநாள் காய்ச்சலோடு எழுந்துவிட்டேன். எதிரான ஆதாரம் என்ற கட்டத்தில் எழுத எனக்கு ஒன்றுமில்லை.

அந்த வெற்றுக் கட்டத்தைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன். உளவியல் படிக்கும் மாணவிகள் இந்தக் கோட்பாட்டைத் தேர்வுக்காகப் படிக்கிறார்கள். என்னைப் போன்ற பெண்கள் அதைத் தாளாகக் கையில் வாங்குகிறார்கள். இரண்டு தரப்பும் சேர்ந்து யோசிக்க வேண்டிய விஷயம் இது.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆரன் பெக் இந்தக் கோட்பாட்டை உருவாக்கியது பெண்களைக் குற்றம் சொல்வதற்காக அல்ல. 1960களில் ஃபிலடெல்ஃபியாவில் அவர் ஃப்ராய்டின் வழியில் பயின்ற மருத்துவராக இருந்தார். அடக்கிவைத்த கோபம் உள்ளே திரும்புவதே மனச்சோர்வு என்று அந்தப் பள்ளி சொன்னது. துன்பப்படுவதில் பெண்ணுக்கு ஒரு ரகசிய இன்பம் உண்டு என்றுகூட அந்த மரபில் எழுதியிருக்கிறார்கள். நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்த பெக்குக்கு அந்தக் கோபம் தென்படவில்லை. தோல்வியும் இழப்பும்தான் தென்பட்டன. நோயாளி வாய்விட்டுச் சொல்வதையே அவர் கவனிக்கத் தொடங்கினார். தன்னைப் பற்றி, உலகத்தைப் பற்றி, எதிர்காலத்தைப் பற்றி என்று மூன்று திசையிலும் எதிர்மறை எண்ணங்கள் தாமாக ஓடுகின்றன, அவற்றைச் சோதித்துத் திருத்தலாம் என்றார். சொல்லாத ஆசைகளைத் தோண்டுவதற்குப் பதிலாக, சொன்ன சொல்லை நம்பியது பெரிய மாற்றம். இந்தச் சிகிச்சை பலருக்கு உதவுகிறது என்பதற்கு ஏராளமான ஆய்வுகள் இருக்கின்றன. எனக்கும் ஓரளவு உதவியது.

அந்த உதவியைப் பற்றிச் சொல்ல ஆல்பர்ட் எல்லிஸையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மனிதர்கள் தமக்குத் தாமே போட்டுக்கொள்ளும் "கட்டாயம் இப்படி இருந்தாக வேண்டும்" என்ற உத்தரவுகளே துன்பத்தின் வேர் என்றார் அவர். என் தாள்களைத் திரும்பப் படித்தபோது எல்லா எண்ணமும் "ணும்" என்று முடிவதைப் பார்த்தேன். சாம்பார் சூடா இருக்கணும். முகம் சுளிக்காம செய்யணும். நாத்தனார் வரும்போது வீடு பளிச்சுன்னு இருக்கணும். இதைக் கண்டுபிடித்ததே ஒரு விடுதலைதான். ஆனால் இந்த "ணும்" என் மண்டையில் விளைந்தது என்று எல்லிஸின் கோட்பாட்டை வைத்து முடிவுகட்டிவிட்டால், அதை முதலில் சொன்ன வாய்கள் தப்பித்துவிடுகின்றன. என் அம்மா சொன்னார், அத்தை சொன்னார், சீரியல் சொன்னது, கல்யாண மண்டபத்தில் யாரென்றே தெரியாத பெரியம்மாக்கள் சொன்னார்கள். நான் "ணும்" சொல்வதை நிறுத்தினாலும் சாம்பார் ஆறிப்போனால் வீட்டில் முகங்கள் மாறத்தான் செய்யும்.

சோர்ந்த மனம் உலகத்தைத் திரித்துப் பார்க்கிறது என்பதே இந்தக் கோட்பாட்டின் அடித்தளம். அதற்குள்ளிருந்தே ஒரு சிக்கல் 1979இல் வந்தது. லாரன் அலாய், லின் ஏப்ரம்சன் என்ற இரண்டு பெண் ஆய்வாளர்கள் மாணவர்களிடம் ஒரு பொத்தானைக் கொடுத்து, அதை அழுத்துவதால் விளக்கு எவ்வளவு தூரம் எரிகிறது என்று கணிக்கச் சொன்னார்கள். சோர்வுற்றவர்களின் கணிப்பு பெரும்பாலும் சரியாக இருந்தது. சோர்வில்லாதவர்கள், கட்டுப்பாடு இல்லாத இடத்திலும் தம் கையில் கட்டுப்பாடு இருப்பதாக நம்பினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதை உறுதிசெய்யவில்லை. ஆனாலும் ஒரு எண்ணம் இருட்டாக இருப்பதாலேயே அது பொய்யாகிவிடாது என்ற எச்சரிக்கை இதில் இருக்கிறது.

அதற்கு ஒரு வருடம் முன்பு, 1978இல், ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் தெற்கு லண்டனில் காம்பர்வெல் பகுதிப் பெண்களைப் பற்றிய புத்தகத்தை வெளியிட்டார்கள். வாழ்க்கையில் பெரிய அடி விழும்போது எந்தப் பெண் சோர்வில் விழுகிறாள் என்பதே அவர்கள் கேள்வி. நான்கு நிலைமைகளைக் கண்டார்கள். மனம்விட்டுப் பேச நெருங்கிய துணை இல்லாதது, வீட்டுக்கு வெளியே வேலை இல்லாதது, வீட்டில் 14 வயதுக்குட்பட்ட மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள், 11 வயதுக்கு முன் தாயை இழந்தது. இந்த நான்கில் ஒன்றுகூட எண்ணப்பிழை இல்லை.

நம் ஊர்க் கணக்கும் இருக்கிறது. சென்னையில் 25,455 பேரிடம் நடத்திய ஆய்வு 2009இல் வெளியானது. மொத்தத்தில் 15.1 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு. பெண்களில் 16.3, ஆண்களில் 13.9. வருமானத்தை வைத்துப் பார்த்தால் இடைவெளி இன்னும் பெரிது. குறைந்த வருமானக்காரர்களில் 19.3 சதவீதம், அதிக வருமானக்காரர்களில் 5.9 சதவீதம். திரிந்த சிந்தனைதான் நோயின் வேர் என்றால், அது ஏன் சம்பளப் பட்டியலைப் பார்த்து இவ்வளவு ஒழுங்காகப் பரவுகிறது? எண்ணச் சட்டகங்கள் அனுபவத்தில் உருவாகி, நெருக்கடியில் விழித்துக்கொள்கின்றன என்று பெக்கின் வழிவந்தவர்கள் பதில் சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன். என் கேள்வி, அந்த அனுபவத்துக்கும் நெருக்கடிக்கும் தாளில் எத்தனை கட்டம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது. என்ன நடந்தது என்று ஒரே ஒரு கட்டம். மீதி ஆறும் என் தலைக்குள்.

மாணவிகள் எல்லோரும் படிக்கும் மார்ட்டின் செலிக்மனின் நாய்ப் பரிசோதனையிலும் இதுவே நடந்தது. 1967இல், தப்ப முடியாதபடி கட்டி மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்ட நாய்கள், பிறகு தப்ப வழியிருந்தும் படுத்தே கிடந்தன. கற்றுக்கொண்ட கையறுநிலை என்று அதற்குப் பெயர். 1978இல் அதை மனிதருக்காகத் திருத்தியபோது, ஒருவர் தன் தோல்விக்கு எப்படிக் காரணம் சொல்லிக்கொள்கிறார் என்பது மையமானது. கட்டிய கயிறும் மின்சாரமும் மெல்லப் பின்னால் போய்விட்டன. இன்னொன்றையும் வகுப்பில் அழுத்திச் சொல்வதில்லை. அந்த நாய்கள் மீண்டது எப்படி? பரிசோதகர்கள் அவற்றைத் திரும்பத் திரும்பத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டுபோய், அங்கே அதிர்ச்சி இல்லை என்று உடம்புக்கே காட்டினார்கள்.

தி.நகரில் இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. உஸ்மான் சாலையிலும் ரங்கநாதன் தெருவிலும் துணிக்கடைகளில் புடவை விரித்துக்காட்டும் பெண்கள் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தவர்கள். அவர்களில் ஒருத்தி, "இப்படியே நின்னு நின்னு என் வாழ்க்கை முடிஞ்சிடும்" என்று எழுதினால் அது எந்தத் திரிபு? ஒன்றை வைத்து எல்லாவற்றையும் முடிவுகட்டுவதா? கேரளத்தில் கடைப் பெண்கள் சங்கமாகச் சேர்ந்து போராடியதால் 2018இல் உட்காரும் உரிமை சட்டமானது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் கடைகள் சட்டத்துக்குத் திருத்தம் வந்தது. ஊழியருக்கு இருக்கை தரவேண்டும் என்று சட்டம் சொல்லவேண்டியிருந்தது. கால் வலிக்கு எழுதிக்கொடுக்கப்பட்ட மருந்து ஒரு நாற்காலி. அதைப் பெற்றுத் தந்தவர்கள், தங்கள் எண்ணத்தைச் சந்தேகிக்க மறுத்த பெண்கள்.

இந்தச் சிகிச்சைக்குள்ளேயே எனக்கு நம்பிக்கை தரும் ஒரு கிளை உண்டு. 1996இல் நீல் ஜேக்கப்சன் குழு சிகிச்சையைப் பகுதிபகுதியாகப் பிரித்துச் சோதித்தது. எண்ணங்களைத் திருத்தாமல், நின்றுபோன செயல்களைத் திரும்பத் தொடங்கவைக்கும் பகுதி மட்டுமே முழுச் சிகிச்சை அளவுக்குப் பலன் தந்தது. கோவாவில் விக்ரம் பட்டேல் குழு இந்த முறையை ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்து பார்த்து 2017இல் முடிவை வெளியிட்டது. ஆலோசனை சொன்னவர்கள் மருத்துவர்கள் இல்லை, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள். கடுமையான சோர்விலிருந்தவர்களுக்கும் அது பயன்பட்டது.

என் ஆலோசகரும் பிறகு அந்த வழிக்கு வந்தார். "உங்களுக்குன்னு தினம் ஒரு மணி நேரம் எடுத்துக்கோங்க மேடம்" என்றார். நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடக்கலாம் என்று முடிவானது. ஆனால் மாலை 6லிருந்து 7 வரை அத்தையோடு யார் இருப்பது? 2019இன் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடம், ஆண்கள் 97. அந்த ஒரு மணி நேரம் ஆகாயத்திலிருந்து விழாது. வேறொருவரின் நாளிலிருந்துதான் வரவேண்டும்.

இதை ஆலோசகரிடம் சொன்னேன். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பேனாவை எடுத்துத் தாளின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, எட்டாவது கட்டம் ஒன்றை உண்டாக்கினார். "இந்த எண்ணம் உண்மைன்னா, எது மாறணும், யார் மாத்தணும்னு இதுல எழுதுங்க." அடுத்த சந்திப்புக்கு என் கணவரையும் வரச் சொன்னார்.

மாணவிகளிடம் நான் கேட்பது இதைத்தான். நாளை நீங்கள் ஆலோசகரானால், ஒரு பெண்ணின் எண்ணத்துக்குத் திரிபு என்று பெயர் வைக்கும் முன் அவள் வீட்டைப் பற்றி இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். தோழிகளிடம் சொல்வது, சிகிச்சைக்குப் போங்கள். மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். இரவில் தாங்க முடியாமல் போனால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஆனால் கட்டத்தை நிரப்புவதற்காக, உங்களுக்கு உண்மையென்று தெரிந்ததைப் பொய்யென்று எழுதாதீர்கள்.

என் கணவர் வந்தார். ஆலோசகர் அந்தக் காய்ச்சல் நாளைப் பற்றி அவரிடம் கேட்டபோது, "எனக்கு டயாப்பர் மாத்தத் தெரியாது" என்றார். எனக்கும் யாரும் கற்றுத்தரவில்லை என்று சொன்னேன். அன்று மாலையே கற்றுக்கொண்டார் என்று எழுத ஆசைதான். மூன்று மாதம் ஆனது. வாரத்தில் நான்கு நாள் பூங்காவுக்குப் போனேன். மீதி மூன்று நாளுக்கு இன்னும் சண்டை நடந்துகொண்டிருக்கிறது.