மேசைமேல் ஒரு தண்டயாத்திரை

பதுமைச் சிப்பாய்களை மேசைமீது அணிவகுத்து நிறுத்தி, அளவுகோலால் அவர்களுடைய நடையை அளந்து, பகடையால் அவர்களுடைய தலைவிதியைத் தீர்மானிக்கும் யுத்த விளையாட்டு, சிறுவர்க்குரிய கேளிக்கை என்று பலரால் எண்ணப்படினும், அதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. இந்தியாவில் பிறந்து பாரசீகத்தின் வழியாக ஐரோப்பாவை அடைந்த சதுரங்கத்தையே அடிப்படையாகக் கொண்டு, ஜெர்மனியின் பிரன்ஸ்விக் நகரைச் சேர்ந்த ஹெல்விக் என்பவர் 1780இல் ஒரு போர் விளையாட்டை வகுத்தார். பிரஷ்யச் சேனை அதிகாரியான ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட விதிகளோ, சதுரக் கட்டங்களைக் கைவிட்டு, மெய்யான நிலப்படத்தின்மேல், மத்தியஸ்தர் ஒருவருடைய மேற்பார்வையில் சேனைகளை நடத்தும் முறையை நிலைநாட்டின. நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்னும் சிறு நூலை எழுதிய பிறகு, சேனை அதிகாரிகளின் பயிற்சியாக இருந்த ஒன்று சாதாரண மக்களின் பொழுதுபோக்காகவும் வேரூன்றியது.

இன்று இங்கிலாந்தில் வாரத்துக்கு ஒரு மாலை கூடும் கழகங்களில், ஒரே இரவில் தொடங்கி முடியும் தனிப்போரை ஆடுவோரே மிகுதி. அதனினும் அரிதாயும் உயர்வாயும் மதிக்கப்படுவது, ஒரு போரின் விளைவு அடுத்த போருக்குக் காரணமாகும்படி மாதக்கணக்கில் தொடர்ந்து நடைபெறும் தண்டயாத்திரைத் தொடர். அவற்றுள்ளும் இடைக்கால ஐரோப்பாவைக் களமாகக் கொண்ட தொடரை இங்கே சீர்தூக்க விரும்புகிறேன். அதன் நன்மைகள் பெரியவை என்பதும், அதன்மேல் சாட்டப்படும் குறைகளிற் பல, இடைக்காலத்தின் யுத்த முறையை மறந்து பிற்காலத்து நிலைச்சேனைகளின் கணக்கை அதன்மேல் சுமத்துவதாலேயே விளைகின்றன என்பதும் என் துணிபு.

பதினைந்தாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் லங்காஸ்டர், யார்க் என்னும் இரு அரச குடும்பங்களுக்கிடையே மூண்ட ரோஜாப்பூப் போர்களை உதாரணமாகக் கொள்வோம். 1455இல் செயின்ட் ஆல்பன்ஸ் நகரத்து வீதிகளில் தொடங்கிய அக்கலகத்தை ஆறேழு பேர் ஆட முற்படும்போது, ஒருவர் வாரிக் பிரபுவாகவும், ஒருவர் சாமர்செட் பிரபுவாகவும், வேறொருவர் எப்பக்கம் சாய்வார் என்று யாருமறியாத ஸ்டான்லி பிரபுவாகவும் பாத்திரம் ஏற்கின்றனர். தேசப்படத்தின்மேல் ஒவ்வொருவருக்கும் உரிய கோட்டைகளும் நிலங்களும் குறிக்கப்படுகின்றன. ஆட்டக்காரர் தம் கட்டளைகளை இரகசியமாக எழுதி நடுவரிடம் கொடுக்க, அவர் அவற்றை ஒப்புநோக்கி, எந்தச் சேனை எங்கே போயிற்று, யாருக்கு எந்தச் செய்தி எட்டிற்று என்பதை அறிவிக்கிறார். எதிரிகள் இருவர் ஒரே வட்டாரத்தில் சந்தித்து, இருவருமோ ஒருவரோ போரை விரும்பினால்தான் பதுமைகள் மேசைக்கு வருகின்றன. அங்கே கிடைக்கும் ஜயமோ அபஜயமோ மீண்டும் படத்துக்குத் திரும்பி, அடுத்த மாதத்துக் கட்டளைகளை மாற்றியமைக்கிறது.

இம்முறையின் முதல் நன்மை, செயலுக்கு விளைவு உண்டு என்னும் உணர்வு. நாளைக்கு வேண்டாத சேனையை இன்றைக்கே அழித்துவிடுவதில் தனிப்போர் ஆடுபவனுக்கு நட்டம் ஏதுமில்லை. ஆதலால் அவன் தன் கடைசிக் குதிரை வீரனையும் பாய்ச்சி, கடைசி வில்லாளியையும் பலியிட்டு, இரவு பத்து மணிக்குள் ஒரு முடிவைக் காண முயல்கிறான். மெய்யான சேனாதிபதி அவ்வாறு போரிடுவது அரிது. தொடரில் ஆடுபவனோ, வெல்ல முடியாத களத்திலிருந்து சேதமின்றி விலகுவதும் ஒரு வித்தை என்பதையும், பாலத்தைக் காக்கும் ஐம்பது பேர் அரை நாள் தாங்கினாலே மற்றவர் பிழைப்பர் என்பதையும், துரத்திச் செல்லும் ஆசையை அடக்கிக்கொள்வது எப்போது விவேகம் என்பதையும் அனுபவத்தில் அறிகிறான். தனிப்போரில் கோழைத்தனமாகத் தோன்றும் பின்வாங்கல் இங்கே பொறுப்பாக மாறுவது, எந்த விதிப்புத்தகமும் தனியே கற்பிக்க இயலாத பாடம்.

இரண்டாவது நன்மை அறியாமையின் பயன். மேசையைச் சுற்றி நிற்பவர், களம் முழுவதையும் வானத்திலிருந்து நோக்கும் தேவர்போல ஒரே பார்வையில் கண்டுவிடுகின்றனர்; ஆனால் 1471 ஏப்ரல் 14ஆம் நாள் பார்னெட் களத்தில் கவிந்திருந்த மூடுபனியில், எதிரணியைச் சிதறடித்துத் திரும்பிவந்த ஆக்ஸ்போர்டு பிரபுவின் ஆட்களை அவருடைய சொந்தக் கட்சியினரே எதிரிகளென்று எண்ணித் தாக்கியதாகவும், அவர்களுடைய நட்சத்திரச் சின்னம் யார்க் குடும்பத்து மன்னர் நான்காம் எட்வர்டின் கதிரவன் சின்னமாகத் தோன்றியதே அதற்குக் காரணமென்றும் அக்காலத்துக் குறிப்பொன்று கூறுகிறது. அத்தகைய தடுமாற்றம் எல்லாம் வெளிப்படையாகத் தெரியும் மேசையில் தானாக நிகழாது. செய்திகளைப் பகுத்தும் தாமதித்தும் சில வேளை பிழைபடவும் வழங்கும் நடுவர் இருந்தால்தான் அதில் ஒரு பங்காவது திரும்பி வரும். இதன்பொருட்டு இங்கிலாந்தின் முன்னோடிகள் கண்ட உபாயங்கள் எளிமையும் நுட்பமும் உடையவை. டொனால்ட் ஃபெதர்ஸ்டன் தம் நூல்களில் விவரித்த ஒரு முறையில், வெறும் தீப்பெட்டிகளை வரிசையாக ஒட்டி, படத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெட்டியை ஒதுக்கி, அங்கங்கே உள்ள படைகளின் பெயர்ச்சீட்டுகளை உள்ளே இட்டு மறைத்து வைப்பார்கள். இரு தரப்புச் சீட்டுகளும் ஒரே பெட்டியில் சேர்ந்தால் அங்கே மோதல் என்பது நடுவருக்கு மட்டும் தெரியவரும்.

மூன்றாவது நன்மை, மனித சுபாவத்துக்கு அது அளிக்கும் இடம். 1965இல் பண்டைக்கால யுத்த ஆர்வலருக்கென ஒரு சங்கத்தை நிறுவிய டோனி பாத், ஹைபோரியா என்னும் கற்பனை உலகத்தில் பல்லாண்டு நடத்திய தொடரில், ஒவ்வொரு மன்னனுடைய குணத்தையும் சீட்டுக்கட்டிலிருந்து உருவிய சீட்டுகளால் நிச்சயித்தார். அந்த அனுபவத்தை 1973இல் நூலாகவும் வெளியிட்டார். சேனாதிபதியின் பேராசையும் விசுவாசமும் சோம்பலும், வில்லின் எட்டும் தூரத்தைப்போலவே போரின் காரணங்கள் என்று அவர் கண்டது, இடைக்காலத்துக்கு முற்றிலும் பொருந்தும். 1460இல் நார்தாம்ப்டன் களத்தில் லங்காஸ்டர் கட்சியின் அரண்காப்பு உடைந்தது, கிரே பிரபு கட்சி மாறி எதிரிகளை உள்ளே விட்டதால். 1485இல் பாஸ்வொர்த்தின் முடிவை எழுதியது, ஒதுங்கி நின்று பார்த்துப் பின் ஹென்றி டியூடரின் பக்கம் இறங்கிய ஸ்டான்லியின் படை. தனிப்போரின் சமநிலை விதிகளுக்குள் அடங்காத இவ்வுண்மைகளுக்குத் தொடரே இயல்பான இருப்பிடம்.

இனிக் குறைகளைக் காண்போம். அவற்றுள் தலையாயது, கழகத்தின் விருப்பத்துக்கும் காலத்தின் உண்மைக்கும் உள்ள முரண்பாடு. இடைக்காலச் சேனாதிபதிகள் திறந்த களத்தில் பெரும்போரை நாடியதைவிட, அதைத் தவிர்த்து, எதிரியின் நிலத்தைப் பாழாக்கியும் கோட்டைகளை முற்றுகையிட்டும் காரியத்தை முடித்துக்கொண்டதே அதிகம். பிரான்சில் ஆங்கிலேயர் வென்ற கிரெஸிப் போர் 1346இல் ஒரு பகலிலும் இரவிலும் முடிந்தது. அதன்பின் கலே நகரத்தின் முற்றுகையோ ஏறத்தாழ பதினொரு மாதம் நீடித்தது. ஆனால் 28 மில்லிமீட்டர் உயரப் பதுமைகளுக்கு மாதக்கணக்கில் வர்ணம் தீட்டிய ஆட்டக்காரர், அவற்றை மேசையில் நிறுத்திப் பார்க்கவே கழகத்துக்கு வருகிறார். சரித்திரத்தை அப்படியே பின்பற்றினால் மேசை வெறுமையாகக் கிடக்கும். வாரந்தோறும் ஒரு பெரும்போரை வலிந்து உண்டாக்கினாலோ, அது இடைக்காலத்தின் உடையை உடுத்திய வேறொரு காலமாகிவிடும். இம்முரணைத் தீர்க்கும் வழி, போரின் அளவைச் சுருக்குவதே என்பது என் கருத்து. 1990இல் வெளிவந்த டி.பி.ஏ. என்னும் விதிநூலில் ஒவ்வொரு சேனைக்கும் பன்னிரண்டே பிரிவுகள். ஆட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடியும். 2014இல் டேனியல் மெர்சி எழுதிய 'லயன் ராம்பண்ட்' என்னும் நூல், சிறு பிரபு ஒருவனுடைய ஆட்கள் வண்டித்தொடரைக் காப்பதையும் தூதனைக் கொண்டுசேர்ப்பதையும் ஆட்டமாக்குகிறது. சூறையும் பதுங்கித் தாக்குதலும் கோட்டை வாயிற் சண்டையுமே அக்காலத்தின் அன்றாட யுத்தமாதலால், சிறுமோதலை மிகுத்துப் பெரும்போரை அரிதாக்கும் தொடர், மேசையையும் நிரப்பும். உண்மைக்கும் ஊறு செய்யாது.

இரண்டாவது குறை, தோற்றவன் மேலும் மேலும் தோற்பது. முதற்போரில் பாதிச் சேனையை இழந்தவன் இரண்டாம் போருக்கு மீதிப் பாதியோடு வருகிறான். மூன்றாம் மாதத்தில் அவனுக்கு ஆட்டத்தில் நம்பிக்கையே போய்விடுகிறது. அவன் வராத வாரங்களில் மற்றவர்களின் ஆட்டமும் நின்றுபோகிறது. பல தொடர்கள் பாதி வழியில் மடிவது இதனாலேயே. ஆயினும் இழந்த ஆட்களை ஓர் ஏட்டில் கழித்துக்கொண்டே வரும் இக்கணக்கு, நெப்போலியன் காலத்துப் பட்டாளங்களுக்குப் பொருந்துமேயன்றி இடைக்காலத்துக்குப் பொருந்தாது. அக்காலத்துச் சேனை நிலையாக இருந்ததன்று. திரண்டது, காரியம் முடிந்ததும் கலைந்தது. 1209இல் தென் பிரான்சின் கார்க்கசோன் நகரம் வீழ்ந்த பிறகு, நாற்பது நாள் சேவையை நிறைவேற்றிய சிலுவைப் போராளிகள் வீடு திரும்பவே, வெற்றி பெற்ற சைமன் டி மான்ட்ஃபோர்ட் ஒரு சிறு கூட்டத்தோடு மாரிக்காலத்தைக் கழிக்க நேர்ந்தது. வெற்றியே சேனையைக் கரைத்தது என்னலாம். மறுபுறம், 1470 அக்டோபரில் நாட்டைவிட்டு ஓடிய நான்காம் எட்வர்டு, அடுத்த மார்ச்சில் ரேவன்ஸ்பர் கரையில் இறங்கி, பார்னெட்டிலும் டியூக்ஸ்பரியிலும் வென்று மே மாதத்துக்குள் அரியணையை மீட்டுக்கொண்டார். ஆகவே, தோற்ற ஆட்டக்காரரை அயல்நாட்டில் அடைக்கலம் புகச் செய்து, புதிய துணையோடு திரும்பிவர வழிவகுக்கும் விதி, தோற்றவனுக்கு இடும் பிச்சையன்று; சரித்திரத்துக்குச் செலுத்தும் மரியாதை. வென்றவனுடைய சேனையையும் அறுவடைக் காலத்தில் கலைத்துவிடும் விதி அதற்குத் துணையாகும். கணக்கில் வைக்கவேண்டிய இழப்பு, சிப்பாய்களின் தொகையைவிடப் பிரபுக்களின் உயிரே; செயின்ட் ஆல்பன்ஸில் சாமர்செட், நார்தம்பர்லாந்து, கிளிஃபர்டு ஆகிய மூவரும் மாண்டதுதான் அச்சண்டையின் மெய்யான விளைவு; அவர்களுடைய வாரிசுகளின் பழியுணர்ச்சியே பின்வந்த ஆண்டுகளின் நெருப்பு.

மூன்றாவது குறை நடுவரின் சுமை. வரவு செலவு, நகர்வு, வதந்தி, வானிலை யாவற்றையும் ஒருவரே சுமக்க, மற்றவர் ஆடி மகிழ்கின்றனர். அவர் சோர்ந்த அன்று தொடரும் சோர்கிறது. இதற்கு அஞ்சி, எல்லாவற்றையும் விதிகளாலும் அட்டவணைகளாலும் கட்டுப்படுத்த முயல்வோர் சுமையைப் பெருக்குகிறார்களேயன்றிக் குறைப்பதில்லை. பிரஷ்யாவிலும் இதே இடர் தோன்றியபோது, சேனை அதிகாரி வெர்டி து வெர்னுவா 1876இல் அட்டவணைகளைப் பெரும்பாலும் விலக்கி, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பையே ஆதாரமாகக் கொள்ளலாம் என்று வாதித்தார். கழகத்துக்கு இது பொருந்துமா என்றால், நடுவரிடம் நம்பிக்கை உள்ள இடத்தில் மட்டுமே பொருந்தும். நண்பர்களுள் ஒருவரே நீதிபதியாகும்போது பட்சபாதம் என்ற ஐயம் எளிதில் எழும். நடுவர் தம் தீர்ப்புக்குரிய காரணத்தைத் தொடர் முடிந்தபின் எல்லோர்க்கும் விளக்குவதும், ஒரு தொடரை ஆடியவர் அடுத்ததை நடத்துவதும் அந்த ஐயத்தைத் தணிக்கும்.

நான்காவது குறை நுட்பமானது. துரோகம் இடைக்காலத்தின் உண்மை என்று மேலே கூறினேன். ஆனால் ஸ்டான்லியாக ஆடியவரும் அவரால் வஞ்சிக்கப்பட்டவரும் அடுத்த வாரமும் அதே அறையில் தேநீர் அருந்தவேண்டியவர்கள். ஆட்டத்தில் பொய் சொன்னவனை மனிதனாகவும் பொய்யன் என்று கருதுவது தவறெனினும், மாதக்கணக்கில் வளர்ந்த நம்பிக்கை முறியும்போது மனம் அந்த வேறுபாட்டை உடனே காண்பதில்லை. வாக்குறுதிகள் எம்மட்டும் கட்டுப்படுத்தும் என்பதைத் தொடக்கத்திலேயே எல்லோரும் அறியச் சொல்லிவிடும் கழகத்தில் இக்காயம் ஆழமாகப் படுவதில்லை.

ஐந்தாவது குறையே எனக்கு மிகக் கனமானதாகத் தோன்றுகிறது. 1355இல் இங்கிலாந்தின் கறுப்பு இளவரசர் பிரான்சில் போர்டோவிலிருந்து நார்போன் வரை நடத்திய படையெடுப்பில் எரிந்த ஊர்களும் அழிந்த பயிர்களும், ஆட்டத்தின் ஏட்டில் எதிரியின் வருவாயில் ஒரு கழிப்பாக மட்டும் பதிவாகின்றன. பிரபுவுக்குப் பெயர் உண்டு, கொடி உண்டு, வர்ணம் தீட்டிய பதுமை உண்டு, உழவனுக்கு ஒன்றுமில்லை. சிறு யுத்தத்தை ஆடிப் பார்ப்பவன் பெரு யுத்தத்தின் மடமையை உணர்வான் என்பதே வெல்ஸின் நோக்கம்; அந்நோக்கம் நிறைவேற, நடுவர் அனுப்பும் மாத அறிக்கையில் படைகளின் செய்தியோடு, சூறையாடப்பட்ட ஊரின் செய்தியும் ஒரு பத்தியாவது இடம்பெறவேண்டும். அந்த ஊர்கள் அடுத்த ஆண்டு வரி செலுத்த இயலாது போவதும், சூறையாடியவனுக்கே அங்கே உணவு கிடைக்காது போவதும் விதியில் அமைந்தால், அறமும் ஆட்டமும் ஒருங்கே தெளிவடையும்.

நன்மை தீமைகளை ஒப்பிட்டு முடிவு கூறுமிடத்து, இத்தண்டயாத்திரைத் தொடர் காக்கத் தகுந்த ஒரு கலை என்றே சொல்லத் துணிகிறேன். எனினும் அதற்கு எல்லை வேண்டும். முப்பது ஆண்டுக் கலகம் முழுவதையும் ஆட முற்படுவதைவிட, எட்வர்டு கரையிறங்கிய மார்ச்சு முதல் டியூக்ஸ்பரி வரையிலான சில வாரங்களைத் தேர்ந்து, தொடங்கும்போதே முடியும் நாளையும் வெற்றியின் இலக்கணத்தையும் குறித்துவிடுவது சிறந்தது. வலியவனை வெல்லாமலே நெடுநாள் தாக்குப்பிடித்த எளியவனையும் வென்றவனாகக் கருதும் அளவுகோல் அதில் இருக்கவேண்டும். இவ்வாறு அமையும் தொடர், போரில் வெல்வது எப்படி என்பதைவிட, போரை மேற்கொள்ளலாமா என்னும் கேள்வியை ஆட்டக்காரரின் முன் வைக்கிறது. இடைக்கால மன்னர்களுக்கும் இரவெல்லாம் உறக்கத்தைக் கெடுத்த கேள்வி அதுவே. தனிப்போரை எத்தனை முறை ஆடினாலும் அது எழுவதில்லை. அக்கேள்வியைச் சாதாரண மனிதர் சிலர் தம் ஓய்வு நேரத்தில் உண்மையாகச் சிந்திக்குமாறு செய்வதே இப்பழக்கத்தின் பெருமை. அதனைக் கேளாது செய்யும் எந்த விதியும், எவ்வளவு நுட்பமாக இயற்றப்பட்டிருப்பினும், விலக்கத்தக்கது.