நூலகரும் வாசகரும்: ஒரு மென்பொருளின் மறுவடிவம்

நுண்கணினிகளுக்கென 1985இல் யுனெஸ்கோ வெளியிட்ட சி.டி.எஸ்./ஐசிஸ் என்னும் மென்பொருள், வளங்குன்றிய நூலகங்கள் பலவற்றுக்குக் கணினிப் பட்டியலை இலவசமாக வழங்கியது. அதன் பணி பெரிது. ஆயின், அது பேசிய மொழி தேர்ந்தவர்க்கே உரியது. இரு சொற்களும் சேர்ந்துவரும் பதிவைத் தேட உடுக்குறியும், இரண்டிலொன்று வரும் பதிவைத் தேடக் கூட்டற்குறியும் இடவேண்டும். அதனுடன் வந்த மாதிரித் தரவுத்தளத்தில் நூலின் தலைப்புக்குப் பெயர் 24ஆம் புலம்.

பின்னர் விண்டோஸுக்கென அமைந்த வின்ஐசிஸ் இருவகைத் தேடலைத் தந்தது. ஒன்று பழைய குறியீட்டு முறை. மற்றையது, புலத்தைப் பெயரால் தெரிந்து சொல்லை இட்டுத் தேடும் வழிகாட்டு முறை. நிபுணரின் கருவியைப் பறிக்காது மாணவருக்கும் வாயில் திறந்தமை இதன் சிறப்பாகும். எனினும், விடை திரையில் தோன்றும் ஒழுங்கை விரும்பியவாறு மாற்ற முனைந்தவர் புல எண்களாலான வடிவமைப்பு மொழியையே மீண்டும் கற்கவேண்டியிருந்தது.

பயனாளர் மனனஞ் செய்யவேண்டியிருந்தவற்றுள் எவ்வளவைப் பொறி ஏற்றுக்கொள்கிறது என்பதைக் கொண்டே மறுவடிவமைப்பு மதிக்கப்படல் வேண்டும். அவ்வளவுகோலின்படி, வாசகரைப் பொறுத்தவரை வின்ஐசிஸ் வெற்றி கண்டது. சிறு நூலகமொன்றைத் தனியொருவராய் நடத்தும், கணினிப் பயிற்சியற்ற நூலகரைப் பொறுத்தவரை அது பாதிவழியிலேயே நின்றுவிட்டது.