இருபதாயிரம் லூமென்: ஓர் அட்டைப்பெட்டியின் விடைத்தாள்

என் மேசைமீது ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறது. காரின் முகப்பு விளக்குகளில் பொருத்துவதற்கான எல்.இ.டி. பல்புகள் இரண்டு இதில் வந்தன. பெட்டியின் மேல் மூன்று வாசகங்கள் பெரிய எழுத்தில் அச்சாகியுள்ளன. முதலாவது, '20,000 லூமென், 30 வாட்'. இரண்டாவது, '6000 கெல்வின், தூய வெண்மை'. மூன்றாவது, 'எச்-4 நேரடிப் பொருத்தம். வீட்டிலேயே பத்து நிமிடத்தில் மாற்றலாம்'. இவற்றை நம்பிப் பணம் கொடுத்தவன் நான்தான். இயற்பியல் கற்பிப்பவன் கடையில் நிற்கும்போது இயற்பியலை மறந்துவிடுகிறான் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆகவே, மாணவர் விடைத்தாளைத் திருத்துவது போல இந்தப் பெட்டியின் விடைகளை உங்களோடு சேர்ந்து திருத்திப் பார்க்க விரும்புகிறேன்.

முதல் விடைக்கு அதிக நேரம் தேவையில்லை. லூமென் என்பது மனிதக் கண் உணரும் அளவில் ஒளியை அளக்கும் அலகு. நம் கண் மிக எளிதாக உணர்வது 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியை. ஒரு வாட் ஆற்றல் முழுவதும், சிறிதும் வெப்பமாக வீணாகாமல், இந்தப் பச்சை ஒளியாகவே மாறினால் கிடைப்பது 683 லூமென். இயற்கை விதித்துள்ள உச்சவரம்பு அது. 30 வாட்டுக்கு அந்த வரம்பைக் கணக்கிடுங்கள்: 20,490 லூமென். ஆக, பெட்டி சொல்வது உண்மையானால், இந்த விளக்கு ஏறத்தாழ நூற்றுக்கு நூறு திறனுடையதாகவும், பச்சைப் பசேலென எரிவதாகவும் இருக்க வேண்டும். வெண்மையான ஒளியில் எல்லா நிறமும் கலந்திருப்பதால் அதன் வரம்பு இதைவிட மிகக் குறைவு. நல்ல எல்.இ.டி. ஒன்று வாட்டுக்கு நூறு லூமெனை ஒட்டித் தந்தாலே மெச்சத்தக்கது. அப்படிப் பார்த்தால் இங்கே கிடைப்பது 3,000 லூமென். முதல் விடைக்குச் சுழி.

இரண்டாம் விடையில் பொய்யில்லை; ஆனால் கேள்விக்குத் தொடர்பில்லை. கெல்வின் எண் ஒளியின் நிறச்சாயலைக் குறிக்கிறதே தவிர அதன் அளவைக் குறிப்பதில்லை. மெழுகுவர்த்தியின் மஞ்சளுக்குச் சிறிய எண், நண்பகல் வெண்மைக்குப் பெரிய எண், அவ்வளவே. எண் பெரிதானால் சாலை நன்றாகத் தெரியும் என்று நினைப்பது, சிவப்புச் சட்டைக்காரர் வேகமாக ஓடுவார் என்று நினைப்பதற்கு ஒப்பாகும்.

இங்கு ஒரு கிளைக்கதை. சாதாரண ஹாலஜன் பல்புகளிலேயே '6000 கெல்வின்' என்று எழுதிச் சற்று நீலம் பூசி விற்பதைக் கண்டிருப்பீர்கள். ஹாலஜன் பல்பில் ஒளிர்வது டங்ஸ்டன் இழை. டங்ஸ்டன் உருகும் வெப்பநிலை ஏறத்தாழ 3,695 கெல்வின். அதற்கு மேல் இழையே இராது! எனவே அந்த வெண்மை இழையிலிருந்து வரவில்லை. கண்ணாடிமேல் உள்ள நீலப்பூச்சு மஞ்சளையும் சிவப்பையும் விழுங்கிய பின் எஞ்சியது அது. கூடுதல் காசு கொடுத்துக் குறைந்த ஒளியை வாங்குகிறோம். இதற்கு நேர் எதிரான நம்பிக்கை ஒன்றும் உண்டு: மஞ்சள் ஒளி மூடுபனியைத் துளைக்கும் என்பது. பிரான்சு நாடு 1930-களின் பிற்பகுதியில் தொடங்கி 1993 வரை முகப்பு விளக்குகளுக்கு மஞ்சள் ஒளியையே விதித்திருந்தது. ஆனால் மூடுபனியின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைப் போலப் பத்து மடங்கு, அதற்கும் மேல் பெரியவை. அவ்வளவு பெரிய துளிகள் மஞ்சளையும் நீலத்தையும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் சிதறச் செய்கின்றன. உதகைப் பாதையில் மூடுபனி இறங்கும்போது உதவுவது நிறமன்று. ஒளி மேல்நோக்கிப் போகாதிருப்பதே.

மூன்றாவது விடைக்கு வருவோம். 'நேரடிப் பொருத்தம்' என்னும் இந்த இரு சொற்களில்தான் ஆபத்து இருக்கிறது.

பல்பின் அடிப்பகுதியில் மூன்று காதுகள் உள்ளன. அவை விளக்கின் பின்புறத் துளையில் சரியாக அமர்கின்றன. மூன்று முள் இணைப்பும் பொருந்துகிறது. கைக்குப் பொருந்தியது சரி, ஒளியியலுக்குப் பொருந்தியதா? முகப்பு விளக்கு என்பது பல்பும் அதைச் சுற்றிய பளபளப்பான கிண்ணமும் மட்டுமன்று. அது தொலைநோக்கியைப் போல ஓர் ஒளியியல் கருவி. பரவளைய ஆடியின் குவியத்தில் ஒளிப்புள்ளி இருந்தால் கதிர்கள் இணையாக வெளியேறும் என்று பள்ளியில் படித்திருக்கிறீர்கள். எச்-4 பல்பில் இரண்டு இழைகள் உள்ளன. 'பிரைட்' எனப்படும் நெடுங்கற்றைக்கான இழை குவியத்தில் இருக்கிறது. அதன் ஒளி நேரே தொலைவுக்குப் போகிறது. 'டிம்' எனப்படும் தாழ்கற்றைக்கான இழை குவியத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு சிறு உலோகக் கிண்ணம் உண்டு. பழைய பல்பு ஒன்றை எடுத்துப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும். அந்தக் கிண்ணம் கீழ்நோக்கிச் செல்லும் ஒளியைத் தடுத்துவிடுகிறது. மேல்நோக்கிச் செல்லும் ஒளி ஆடியின் மேற்பாதியில் பட்டுக் கீழ்நோக்கித் திரும்பிச் சாலையில் விழுகிறது. கிண்ணத்தின் விளிம்பே சுவரில் நாம் காணும் ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான கோடாகிறது. அதன் ஒரு பக்கம் 15 பாகை சாய்ந்திருப்பதால் நம் இடப்புறச் சாலையோரம் சற்று உயரம்வரை வெளிச்சம் பெறுகிறது. எதிரே வருபவரின் பக்கம் தாழ்ந்தே நிற்கிறது. நுனிக்குக் கறுப்புப் பூச்சும் இட்டிருப்பார்கள், ஒளி ஆடியில் படாமல் நேராக வெளியேறக் கூடாது என்பதற்காக. (முகப்பு விளக்கின் நடுவே கறுப்புப் பொட்டு ஒட்டும் நம் ஊர் வழக்கம் எதிரில் வருபவரைப் பெரிதாகக் காப்பதில்லை, அந்த இடத்தை மறைக்கும் வேலையைப் பல்பே முன்பே செய்துவிடுகிறது.)

இந்தக் கருவி எவ்வளவு நுண்மையானது? எச்-4 விளக்குகளுக்கென வகுக்கப்பட்ட ஐரோப்பிய விதியின்படி, 25 மீட்டர் தொலைவிலுள்ள திரையில் தாழ்கற்றை அளக்கப்பட்டது. சாலையில் 75 மீட்டர் தொலைவைக் குறிக்கும் புள்ளியில் குறைந்தது 12 லக்ஸ் வேண்டும். எதிரே 50 மீட்டரில் வரும் ஓட்டுநரின் கண்ணைக் குறிக்கும் புள்ளியில் 0.4 லக்சுக்கு மேல் கூடாது. முழுநிலவின் ஒளி கால் லக்ஸ் அளவு என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மற்றது முப்பது மடங்கு. இரண்டு புள்ளிகளுக்கும் இடையே செங்குத்தாக உள்ள வேறுபாடோ ஏறத்தாழ ஒரே ஒரு பாகை! நம் நாட்டுத் தரநிலைகளும் இந்த முறையை அடியொற்றியவையே. இடம் வலம் மட்டும் மாறும்.

இப்போது ஒரு சிறு கணக்கு. ஆடியின் குவியத்தூரம் 25 மி.மீ. என்று கொள்வோம். ஒளி தரும் பொருள் தன் இடத்திலிருந்து 1 மி.மீ. விலகினால், கதிர் 25-இல் ஒரு பங்கு சாயும். அதாவது 25 மீட்டர் தொலைவில் ஒரு முழு மீட்டர் இடம்பெயரும்; கோணத்தில் சொன்னால் இரண்டு பாகைக்கு மேல். ஒரு பாகைக்குள் முப்பது மடங்கு வேறுபாட்டைக் காக்க வேண்டிய கருவியில் ஒரு மில்லிமீட்டர் பிழை என்ன செய்யும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

என் பெட்டியிலிருந்த பல்பை வெர்னியர் அளவியால் அளந்தேன். ஒரு பட்டையான பலகையின் இரு பக்கங்களிலும் ஒளிச்சில்லுகள் ஒட்டப்பட்டிருந்தன. அவற்றுக்கு இடையிலான தடிப்பு 3 மி.மீ.க்குச் சற்று மேல். டங்ஸ்டன் சுருள் அச்சின் மேலேயே அமர்ந்து எல்லாத் திசையிலும் ஒளி வீசும். இதிலோ அச்சில் ஒளியே இல்லை. இரு பக்கமும் ஒன்றரை மி.மீ. விலகி இரண்டு ஒளிமூலங்கள் இருக்கின்றன. பல்பைத் துளையில் சற்றே திருப்பி வைத்துவிட்டால், பக்கவாட்டில் இருந்த விலகல் மேலும் கீழுமாக மாறிவிடும்.

இந்தக் கணக்கை நான் வாங்குவதற்கு முன் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. பொருத்திக்கொண்டு மூன்று இரவுகள் ஓட்டினேன். வண்டிக்கு முன்னால் பத்து மீட்டர் பால் ஊற்றியதுபோல் வெண்மையாகத் தெரிந்தது, மகிழ்ந்தேன். அருகில் வெளிச்சம் மிகுந்தால் கண் அதற்குப் பழகித் தொலைவிலுள்ள மங்கலானவற்றைக் காணும் ஆற்றலை இழக்கும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. மூன்றாம் இரவு, நடுத்தடுப்பு இல்லாத இருவழிச் சாலை ஒன்றில், எதிரே மொபெட்டில் வந்தவர் மண்தரையில் இறங்கிச் சாய்ந்தார். பின்னால் மனைவி, முன்னால் நிற்க வைத்த சிறுவன். யாருக்கும் அடியில்லை. வண்டியை நிறுத்தி ஓடிச் சென்றபோது அவர் கோபப்படவில்லை. "ஒண்ணுமே தெரியலைங்க சார், ரோடு எங்க முடியுதுன்னே தெரியலை" என்று மட்டும் சொன்னார். நான் 'டிம்'மில்தான் வந்துகொண்டிருந்தேன்.

அவருக்கு நேர்ந்ததை இயற்பியல் விளக்கும். கண்ணுக்குள் நுழையும் வலுவான ஒளியில் ஒரு பகுதி விழியாடியிலும் கண்ணினுள் உள்ள பிற ஊடகங்களிலும் சிதறி, விழித்திரை முழுவதன் மீதும் ஒரு வெண்திரையாகப் படர்கிறது. மங்கலான பொருள்கள் அதில் மூழ்கிவிடுகின்றன. பார்க்கும் திசைக்கும் கூசும் விளக்குக்கும் இடையேயுள்ள கோணம் பாதியானால் அந்தத் திரையின் அடர்த்தி ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. அகன்ற நெடுஞ்சாலையில் தொல்லையாக இருப்பது ஒடுங்கிய ஊர்ச்சாலையில் குருடாக்குவது இதனால்தான். வயது ஏறஏறக் கண்ணினுள் சிதறலும் ஏறும். ஆகவே அறுபது வயதுக்காரருக்கு இருபது வயதுக்காரரைவிட இது கொடிது. ஒளியைக் கூட்டியவருக்குக் கூசுவதில்லை, கூசுபவர் வேறொருவர். குறை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் தெரியாமலே போவதற்கு இதுவே காரணம்.

மறுநாள் இரவு கல்லூரி விடுதியின் சுவருக்கு நேரே வண்டியை நிறுத்திப் பழைய பல்பையும் புதியதையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பழையது மங்கல்தான், ஆனால் கத்தியால் வெட்டியதுபோல் ஒரு கோடு, அதற்கு மேல் இருள். புதியதில் கோடு குழம்பி, சுவரின் மேற்பாதியெல்லாம் வெளிச்சத் திட்டுகள். மாடியறை ஜன்னலைத் திறந்து, "யாருப்பா லைட் அடிக்கிறது?" என்று ஒரு மாணவன் கத்தினான். பிறகு அடையாளம் கண்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டான்.

எல்.இ.டி.யே கூடாது என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். 2007-இல் லெக்சஸ் கார் ஒன்றில் எல்.இ.டி. தாழ்கற்றை வந்தது, இன்று வெளிவரும் பல கார்களில் தொழிற்சாலையிலேயே அவை பொருத்தப்படுகின்றன. அங்கே ஆடியும் வில்லையும் அந்தச் சில்லுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. ஹாலஜனுக்கு மாற்றாக வந்த எல்.இ.டி. பல்பு ஒன்றை ஜெர்மனி 2020-இல் சாலைக்கு ஏற்றுக்கொண்டதும் உண்மையே. ஆஸ்ராம் நிறுவனத்தின் எச்-7 வகை அது. ஆனால் அந்த ஒப்புதல் பல்புக்குத் தனியாக வழங்கப்படவில்லை. சோதித்துத் தேறிய குறிப்பிட்ட வண்டிகளின், குறிப்பிட்ட முகப்பு விளக்குகளின் பட்டியலுக்கே வழங்கப்பட்டது. பட்டியலில் இல்லாத வண்டியில் அதே பல்பு சட்டவிரோதம். நம் நாட்டிலும் தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது.

'அப்படியானால் ஹாலஜனிலேயே 100/90 வாட் பல்பு போடலாமே' என்று கேட்பவர் உண்டு. இழை சரியான இடத்தில் இருக்கும், உண்மை. ஆனால் 60 வாட்டுக்கு இட்ட கம்பியில் 100 வாட்டின் மின்னோட்டம் ஓடினால், கம்பியிலும் சுவிட்சிலும் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறத்தாழ 2.8 மடங்காகும். பிளாஸ்டிக் இணைப்பு இளகி உருக்குலைந்த வண்டிகளை எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனும் காட்டுவார். கூசும் ஒளியும் கூடுகிறது.

உண்மையில் என் பழைய விளக்கு ஏன் மங்கியது? பெட்டி இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. எச்-4 பல்பின் ஒளி 13.2 வோல்ட்டில் குறிக்கப்படுகிறது: நெடுங்கற்றை 1,650 லூமென், தாழ்கற்றை 1,000 லூமென். ஒளியின் அளவு மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4 அடுக்கைப் பொறுத்து மாறும். 13.2 வோல்ட்டுக்குப் பதில் 12 வோல்ட்தான் பல்புக்குப் போய்ச் சேர்கிறது என்றால், ஒளியில் 28 சதவீதம் போய்விட்டது! இதை நீங்களே சோதிக்கலாம். எஞ்சினை ஓடவிட்டு, விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரால் பாட்டரியின் முனைகளிலும் பிறகு பல்பின் பின்புற முனைகளிலும் அளந்து பாருங்கள். வேறுபாடு அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. பெரும்பாலும் அது வண்டியுடலில் எர்த் கம்பி திருகப்பட்ட இடத்திலுள்ள துருவே. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் சரியாகும். அதிலும் தீராவிட்டால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, பாட்டரியிலிருந்து பியூசும் ரிலேயும் வைத்துத் தடித்த கம்பி இழுக்கலாம். பல்பு மாற்றுவதாக இருந்தால் அதே 60/55 வாட்டில் நல்லதாக, இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். விரலின் உப்பும் எண்ணெயும் சூட்டில் குவார்ட்ஸைக் கெடுத்துவிடும்.

அடுத்தது மஞ்சள் படிந்த முன்மூடி. அது கண்ணாடியன்று, பாலிகார்பனேட். வெயிலின் புறஊதாக் கதிர் அதை மங்கச் செய்கிறது. பற்பசை போட்டுத் தேய்த்தால் பளிச்சென்றாகும் என்பது ஒரு வாரத்துக்கு உண்மை. பற்பசையிலுள்ள நுண்துகள் மங்கிய தோலைச் சுரண்டுகிறது. எஞ்சியிருந்த காப்புப் பூச்சையும் சேர்த்தே சுரண்டுகிறது. சில மாதத்தில் மஞ்சள் முன்னிலும் விரைவாகத் திரும்பும். நீர்விட்டுத் தேய்க்கும் நுண்ணிய உப்புத்தாளால் சமன் செய்து, புறஊதாவைத் தடுக்கும் தெளிவான பூச்சு இட்டால்தான் நிலைக்கும்.

கடைசியாக ஒளியின் சாய்வு. டயர் காற்றைச் சரிசெய்து, சமதரையில் சுவருக்கு ஐந்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைவிட ஏறத்தாழ 5 செ.மீ. தாழ்வாகக் கோடு விழ வேண்டும். அதாவது நூற்றுக்கு ஒன்று என்னும் சரிவு. என் வண்டியில் இடப்பக்க விளக்கு வயல்வெளியையும் வலப்பக்க விளக்கு வானத்தையும் பார்த்துக்கொண்டிருந்தன. பின்னால் உள்ள திருகுகளை நட்சத்திர முனைத் திருப்புளியால் திருப்பச் செலவு ஒன்றுமில்லை.

இதனோடு இன்னொன்றையும் கவனியுங்கள். பல கார்களில் ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் 0, 1, 2, 3 என்று எண்ணிட்ட சிறு சக்கரம் ஒன்று இருக்கும். பின்னிருக்கையில் மூன்று பேரும் டிக்கியில் மூட்டையும் ஏறினால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து மூக்கு உயரும். அதனோடு ஒளிக்கற்றையும் உயரும். அப்போது இந்தச் சக்கரத்தை 2-க்கோ 3-க்கோ திருப்பினால் கற்றை மீண்டும் தாழும். இறங்கியதும் 0-க்குக் கொண்டுவந்துவிட வேண்டும். மூன்று ஆண்டுகள் ஓட்டிய வண்டியில் அந்தச் சக்கரம் எதற்கென்று, பல்பைக் கழற்றிய பிறகு கையேட்டைப் புரட்டியபோதுதான் அறிந்தேன்.